அரண்மனைக்கு வழி

ஓர் ஊருக்குச் செல்லும் வழி யாது என வினவினால், அறிந்தவர் எவரும் எளிதில் விடை கூறிவிடுவர். எந்த ஊர்தியில் செல்வது என்னும் வினாவுக்கு விடை காண்பதோ அத்துணை எளிதன்று. பணம், காலம், உடல்நலம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். இவற்றோடு நான்காவதாகவும் ஒன்று உண்டு. திருநெல்வேலியில் வாழும் ஒரு குடும்பத்தார், பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு வர எண்ணியபோது அதனை அறிந்துகொண்டனர்.

அக்குடும்பத்தினர் ஐவர். தந்தை ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய மனைவி, கல்லூரியில் பயிலும் மகன், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், வயது முதிர்ந்த தாய் ஆகியோர் மற்ற நால்வர். "ஒரே நாளில் சென்று திரும்ப வேண்டும். அதற்குரிய திட்டத்தை நீயே வகுத்துக் கொடு" என்று தந்தை மகளைப் பணித்தார். அவளும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஊக்கத்துடன் முனைந்தாள்.

மகன் முந்திக்கொண்டான். "வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொள்வோம். வீட்டு வாசலில் ஏறினால் அரண்மனை வாசலில் இறங்கலாம். பேருந்தில் இடிபட்டுச் செல்வானேன்?" என்றான். தந்தை கணக்கிட்டுப் பார்த்தார். அத்தொகை வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவை எட்டியது. அன்றியும், ஓட்டுநர் நீங்கலாக அவ்வண்டியில் நால்வரே அமர இயலும். பெரிய வண்டியென்றால் செலவு இன்னும் மிகும்.

திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நான்கு பேரும் போய் வாருங்கள். அது எனக்குத் தெரியாத ஊரா?" என்றாள். அவள் பிறந்தது அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலைப் பகுதியில். ஆதலால் அவள் சொல்லை எவரும் மறுக்கவில்லை. பேத்தி மட்டும் தன் குறிப்பேட்டுக்காக, "ஆச்சி, அரண்மனைக்குள் என்னென்ன இருக்கும்?" என்று கேட்டாள்.

மூதாட்டி சிறிது நேரம் வாளாவிருந்தாள். பின்னர், "வாசல் வரைக்கும் தெரியும் அம்மா. உள்ளே போனதில்லை" என்றாள்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்காக அங்கிருந்து சரசுவதியின் திருவுருவம் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும் உடன் செல்வர். அவ்வூர்வலத்தைச் சிறுமியாக இருந்தபோது சாலையோரத்தில் நின்று கண்டவள் அவள். வாசலுக்கு அப்பால் செல்ல அவளுக்கு வாய்க்கவில்லை. மணமாகித் திருநெல்வேலிக்கு வந்தபின் ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அன்றிரவு மகள் தன் திட்டத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதினாள். விரைவில் செல்லும் வழியைத் தேடிக்கொண்டிருந்தவள், இப்பொழுது ஐவரும் செல்லும் வழியைத் தேடினாள்.

முதலில் தொடர்வண்டியை எண்ணிப் பார்த்தாள். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே 1981ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வண்டியில் காலை நீட்டி அமரலாம். எழுந்து சற்றே நடக்கவும் செய்யலாம். ஆனால், நாகர்கோவில் சந்திப்பு கோட்டாற்றுப் பக்கத்தில் உள்ளது. தக்கலைக்குப் பேருந்து ஏறும் நிலையமோ வடசேரியில் உள்ளது. இரண்டிற்கும் இடையே வேறொரு வண்டி பிடித்தல் வேண்டும். ஆச்சியின் முழங்கால் அமர்ந்திருக்கையில் வலிப்பதில்லை. ஏறி இறங்குகையிலேதான் வலிக்கும். ஆகவே, கிலோமீட்டரை எண்ணுவதைக் காட்டிலும் ஏறி இறங்கும் முறைகளை எண்ணுவதே தக்கது என அவள் துணிந்தாள். திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் சென்றால் வடசேரியிலேயே இறங்கலாம்; அந்நிலையத்திலேயே தக்கலைப் பேருந்தில் ஏறலாம். தக்கலையிலிருந்து அரண்மனை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு ஆச்சியும் அம்மாவும் ஆட்டோவில் செல்ல, மற்றவர் நடக்கலாம்.

பள்ளிக்கு உள்ளூர் விடுமுறையாக இருந்த ஒரு திங்கட்கிழமையைத்தான் அவள் முதலில் குறித்திருந்தாள். அரண்மனைக்குத் திங்களன்று வார விடுமுறை என்பதை அறிந்ததும், நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினாள். திட்டத்தைப் படித்த தந்தை, "இதுவே சரி" என்றார். மகன் முகம் சுளித்தான், ஆயினும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் ஐவரும் புறப்பட்டனர். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் நிலம் பசுமை பூண்டது. வடசேரியில் ஏறிய பேருந்தில் கூட்டம் மிகுதி. மீன் கூடையுடன் இருந்த ஒரு பெண், "இங்ஙன இரிங்க" என்று நகர்ந்து மூதாட்டிக்கு இடம் கொடுத்தாள். இருவரும் பேசத் தொடங்கினர். ஐம்பது ஆண்டுகளாக மறைந்திருந்த பிறந்த ஊரின் பேச்சு, மூதாட்டியின் நாவில் தானே வந்து புரண்டது. அப்பேச்சைப் பேரனும் பேத்தியும் அதுவரை கேட்டதில்லை.

புலியூர்க்குறிச்சியை நெருங்கியதும், "அதோ, உதயகிரிக் கோட்டை!" என்று அவள் கை நீட்டினாள். 1741ஆம் ஆண்டில் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மர் வென்றார். அப்போரில் சிறைப்பட்ட டி லனாய் என்பவர், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்துத் தளபதியாக உயர்ந்தார். அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள் உள்ளது. பாடநூலில் படித்த செய்தியை மகள் கூறக் கூற, அருகில் நின்ற பயணிகளும் செவிமடுத்தனர்.

பத்மநாபபுரம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது அவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையைப் பேணும் பொறுப்போ கேரள அரசிடமே நிலைத்தது. காலணிகளைக் கழற்றிவிட்டு ஐவரும் உள்ளே சென்றனர். கருங்கண்ணாடி போன்று பளபளத்த தரை உள்ளங்காலில் குளிர்ந்தது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி முதலியவற்றைக் குழைத்து இழைத்த தரை அது என்பர். முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் நிறைந்திருந்தன; நடுவே குதிரை விளக்கு தொங்கியது.

மன்னர் அமைச்சரோடு கூடி ஆராய்ந்த மந்திரசாலை மேல்தளத்தில் உள்ளது. அதற்கு ஏறும் மரப்படிகள் குறுகியவை, செங்குத்தானவை. மூதாட்டி படியின் கீழ் நின்று, "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். காருக்காக வாதாடிய பேரன் முன்வந்தான். "வாசலோடு நின்றது போதும் ஆச்சி. என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான். ஒவ்வொரு படியாக இருவரும் ஏறினர். பின்னால் வந்தவர்கள் பொறுமையுடன் காத்து நின்றனர். வண்ண அப்பிரகத் தகடுகள் பதித்த பலகணிகளின் வழியே மெல்லிய ஒளி படர்ந்த அந்த அவையில், மூதாட்டி நெடுநேரம் நின்றாள். பேரனின் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

மாலையில் வந்த வழியே திரும்பினர். பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. "கால் வலிக்கிறதா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். "வலிக்கத்தான் செய்கிறது" என்று மூதாட்டி சிரித்துக்கொண்டே கூறினாள்.

பொது ஊர்தியில் விரைவு குறையலாம், வசதியும் குறையலாம். ஆயினும், எவரையும் வீட்டில் விட்டுச் செல்லாத பயணமே நிறைவான பயணம். பணம், காலம், உடல்நலம் என்னும் மூன்றோடும் வைத்து எண்ணத்தக்க நான்காவது அதுவே அன்றோ?

அன்றிரவு மகள் தன் குறிப்பேட்டில் பேருந்துக் கட்டணம், ஆட்டோக் கட்டணம், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். கூட்டுத்தொகைக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: "சென்று வந்தவர் ஐவர்."