காய்ச்சலும் வெயிலும்: சில குறிப்புகள்

சித்திரை பிறப்பதற்குள் ஏசி மெக்கானிக்கை வரவழைத்து எல்லாம் சரிபார்த்து வைத்துவிடுவோம். திருச்சியில் கத்திரி வெயில் எல்லோரையும்தான் வாட்டுகிறது. ஆனால் எங்கள் மகனுக்கு, வீட்டில் தம்பி என்று கூப்பிடுகிறோம், உடம்பு சூடேறினால் ஃபிட்ஸ் வந்துவிடும். காய்ச்சல் சூடு, வெயில் சூடு, ஓடி விளையாடிய சூடு, குளிக்கிற வெந்நீரின் சூடு, எல்லாம் அவன் மூளைக்கு ஒன்றுதான். மூன்று வயது முடிந்திருக்கிறது. நோயின் பெயர் ட்ரவே சிண்ட்ரோம். 1978-ல் பிரான்ஸில் ஷார்லட் ட்ரவே என்ற பெண் மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார். அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கில் 15,700 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இருக்கிறது.

*

முதல் வலிப்பு குளிப்பாட்டும்போது வந்தது. அப்போது அவனுக்கு ஆறாம் மாதம். அத்தை மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, அவனைக் குப்புறப் போட்டு, சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது இப்படித்தான். திடீரென்று இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு இடது கால். கண் ஒரு பக்கமாகச் சொருகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. அத்தை அதற்கப்புறம் நெடுநாள் அவனைக் குளிப்பாட்டத் தொடவில்லை. ஜப்பானில் வெந்நீர்த் தொட்டியில் இறக்கிய குழந்தைகளுக்கும் இப்படி வலிப்பு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று அத்தையிடம் படித்துக் காட்டினேன். வெந்நீர் நோயைக் கொண்டுவரவில்லை, இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. இப்போது வெதுவெதுப்புகூட இல்லாத தண்ணீரில் அவரேதான் குளிப்பாட்டுகிறார்.

*

அடுத்த பெரிய ஃபிட்ஸ் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வந்தபோது. தெருவே "ஊசிதான் காரணம்" என்றது. இந்தப் பேச்சை நான் எங்கே கேட்டாலும் விடுவதில்லை, நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். 2006-ல் ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிச் குழுவினர், தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. தம்பிக்கு இருப்பதும் அதே மரபணுவில்தான். ஊசி போடாமல் விட்டால் தட்டம்மை வரலாம், அதன் காய்ச்சல் ஊசிக் காய்ச்சலைவிடப் பல மடங்கு மோசம். டாக்டர் சொன்னபடி காய்ச்சல் மருந்தும் அவசர மருந்தும் கையில் வைத்துக்கொண்டு மற்ற ஊசிகளையும் போட்டுவருகிறோம்.

*

"சொந்தத்துல கட்டினீங்களா?"

ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டினேன். கேட்கிறவர் முகத்தில் உடனே ஒரு தெளிவு வந்துவிடும், விடை கிடைத்துவிட்ட மாதிரி. சொந்தத்தில் கட்டுவதால் சில நோய்கள் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ட்ரவே அந்த வகையில் சேராது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மரபணு மாற்றம் புதிதாக ஏற்பட்டது, பெற்றவர்களிடம் இருக்காது. எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்தார்கள், இல்லை. மிகச் சில பெற்றோருக்கு உடம்பின் சில செல்களில் மட்டும் ஒளிந்திருக்கலாம் என்பதால் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். யார் ரத்தம், யார் பாவம் என்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அந்த ரிப்போர்ட்டோடு நின்றது. அதற்காகவே அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

*

மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நோயின் பெயர் தெரிவதற்கு முன் ஒரு மருத்துவமனையில் கார்பமசெபின் கொடுத்தார்கள். ஒரு பக்கமாக இழுக்கும் வலிப்புக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் நல்ல மருந்து. எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. தம்பிக்கு ஃபிட்ஸ் கூடியது. அளவைக் கூட்டினார்கள், ஃபிட்ஸ் இன்னும் கூடியது. காலையில் எழுந்ததும் கையிலிருக்கும் டம்ளர் எகிறி விழும்படி சின்னச் சின்ன வெட்டுகள்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. எஸ்சிஎன்1ஏ மரபணு, நரம்புச் செல்லுக்குள் சோடியம் போகும் ஒரு வாசலைச் செய்கிறது. அந்த வாசலை அதிகம் நம்பியிருப்பவை மூளையின் துள்ளலை அடக்கும் செல்கள். ட்ரவே குழந்தைக்கு அந்த பிரேக் ஏற்கெனவே பாதிதான் பிடிக்கிறது. கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் ஆகியவை சோடியம் வாசலை அடைக்கிற மருந்துகள். மிச்சமிருக்கும் பிரேக்கையும் அவை பிடுங்கிவிடக்கூடும். மரபணு ரிப்போர்ட் வந்ததும் வேறொரு டாக்டர் கார்பமசெபினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி வால்ப்ரோயேட்டும் க்ளோபாசமும் ஆரம்பித்தார். ஃபிட்ஸ் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. இரண்டு பெரிய வலிப்புகளுக்கு நடுவே அவன் சிரித்து விளையாட நாட்கள் கிடைத்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. சட்டென்று நிறுத்துவதே நீண்ட வலிப்பைக் கொண்டுவந்துவிடக்கூடும்.

*

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கஞ்சா எண்ணெய் பற்றி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது கஞ்சாச் செடியிலிருந்து சுத்திகரித்த கேனபிடயால் என்ற மருந்துக்கு, ஆய்வகத்தில் அளந்து செய்தது. ஆன்லைனில் ஒருவர் பாட்டிலில் அடைத்து விற்பது அது ஆகாது.

*

சூடு மட்டுமல்ல, மின்னும் வெளிச்சமும் கோடுகளும்கூட அவனுக்கு ஆகாது. தென்னந்தோப்பு ஓரமாகப் போகும் சாலையில் மாலை நேரத்தில் அவனைக் கூட்டிப்போவதில்லை. மரத்துக்கு மரம் வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும்போது இமை படபடக்கும், தலை லேசாகத் தொங்கும். என் கணவரின் கோடுபோட்ட சட்டைகளையும் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டோம். ஒருநாள் ஜன்னல் கம்பிகளுக்கு அருகே முகத்தை வைத்து, வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. தானாகவே அதைத் தேடிப் போகிறான் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். அந்த ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டாயிற்று. கோயில் திருவிழா சீரியல் லைட்டுக்குத் திரை போட முடியாது. சாமி புறப்பாட்டை வீட்டு வாசலில் நின்று பார்க்கிறோம், அவன் கண்ணுக்கு என் முந்தானை.

*

அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். பெரிய எழுத்தில்: ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கடிகாரத்தைப் பார்க்கவும். வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீரும் கூடாது. கையில் சாவிக்கொத்து வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் மூக்கில் மிடாசோலம் ஸ்ப்ரே, உடனே 108.

டீச்சர் வாசித்துவிட்டு, "சாவி குடுத்தா நிக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கம்மா" என்றார். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்தால் சாவிக்குப் பேர். இவனுடையது தானே அடங்காத வகை என்று சொன்னேன். தாளைக் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். வெயில் நாளில் அவனுடைய பனியனை நனைத்துப் பிழிந்து மாட்டுவதும் அவர்தான். அது காய்வதற்குள் அடுத்த பனியன். அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரிது.

*

இரவைப் பற்றிச் சுருக்கமாக. இந்த நோயில் தூக்கத்திலேயே, முன்னறிவிப்பு இல்லாமல் உயிர் போய்விடும் ஆபத்து மற்ற வலிப்பு நோய்களைவிட அதிகம். டாக்டர் இதை மறைக்காமல் சொன்னது நல்லது என்றே நினைக்கிறேன். என் கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் படுக்கிறோம்.

*

நீண்ட ஃபிட்ஸுக்குப் பிறகு சில சொற்கள் காணாமல் போகும். "ண்ணி" என்று தண்ணீர் கேட்டவன் மறுபடி கையைப் பிடித்து இழுத்துக் குடத்தைக் காட்டுவான். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். வார்த்தைக்காகக் காத்திருக்காமல் படத்தைத் தொட்டுக் காட்டவும் சொல்லித்தருகிறார்கள். தட்டு, தண்ணீர், அக்கா, வெளியே என்று அட்டைகள். "வெளியே" அட்டை ஓரம் கிழிந்து செல்லோடேப் சுற்றியிருக்கிறது. அக்காவின் பள்ளி வேன் சத்தம் கேட்டால் தள்ளாடிக்கொண்டே வாசலுக்கு ஓடுகிறான். ஓடாதே என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நனைத்த பனியனோடு பின்னால் போகிறேன்.

*

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலிலோ குளியலிலோ வலிப்பு வந்து, அது வெகுநேரம் நிற்காமல் போனால், அல்லது ஒரு பக்கமாக இழுத்து, பிறகு இன்னொரு தடவை மறு பக்கமாக இழுத்தால், "சாதாரணக் காய்ச்சல் ஃபிட்ஸ்தான், வளர்ந்தால் சரியாகும்" என்பதோடு திரும்பிவிடாதீர்கள். ஸ்கேனும் இஇஜியும் ஆரம்பத்தில் சரியாகவே வரலாம், எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் எஸ்சிஎன்1ஏ மரபணுச் சோதனை தேவையா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தேவை சில மில்லி ரத்தம். எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது அதில் தெரியவரலாம்.