காத்தாடிக்கு அடியில் ஒரு வீடு

சுந்தரபாண்டியபுரத்துக்கும் சுரண்டைக்கும் நடுவே, சூரியகாந்தி வயலை ஒட்டி ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. 250 கிலோவாட் ரகம், கம்பிப் பின்னல் கோபுரம். அதன் அடியில் பத்துக்குப் பத்து அறை. பாதியைக் கண்ட்ரோல் பேனல் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் ஒரு கட்டில், தண்ணீர்க்குடம், கொடியில் லுங்கி, சுவரில் முருகன் காலண்டர். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வாட்ச்மேன் அண்ணாச்சிக்குப் பாதி வாழ்க்கை இதற்குள்தான். ஈபி இணைப்பே வேண்டாம், காற்று போதும் என்று குற்றாலத்தில் குட்டித் தோட்ட வீடு கட்டத் துடிக்கும் நண்பருக்காக விசாரிக்கப் போயிருந்தேன்.

அன்று குற்றாலத்தில் சாரல். ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இடம் செங்கோட்டைக் கணவாய். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று அந்தச் சந்தில் நெருக்கியடித்துப் புகுந்து, கிழக்கே சமவெளியில் விரிகிறது. குற்றாலத்து அருவியும் ஆய்க்குடி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துக் காத்தாடிகளும் பிழைப்பது இந்த ஒரே பருவக்காற்றில்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அறையின் மின்விசிறி நிற்கும் முன்பே மேலே ‘புஸ்’ என்று பெரிய சத்தம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மூன்று இறக்கைகளின் நுனித் துண்டுகளும் குறுக்கே திரும்பிக் காற்றை மறித்தன. வேகம் தணிந்ததும் டிஸ்க் பிரேக் பிடித்தது. இறக்கை நின்ற பிறகும் காற்று சூரியகாந்தியைச் சாய்த்துக்கொண்டுதான் இருந்தது.

“லைன் போச்சுன்னா இதுவும் போயிரும் சார். ஈபி கரண்ட் இருந்தாத்தான் இதுக்கு உசுரு,” என்றார் டெக்னீசியன் தம்பி. ஊருக்கே மின்சாரம் அனுப்பும் இயந்திரத்தின் காலடியில் அண்ணாச்சி டார்ச்சைத் தேடினார்.

இந்தப் பழைய காத்தாடிகளில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அதில் நிரந்தரக் காந்தம் கிடையாது; காந்தப்புலம் உண்டாக்கவே லைனிலிருந்து மின்சாரம் இழுக்கவேண்டும். இறக்கை நிமிடத்துக்கு நாற்பதை ஒட்டிச் சுற்ற, கியர்பாக்ஸ் அதை 1500 சுற்றுக்குச் சற்று மேலே கொண்டுபோகிறது. 50 ஹெர்ட்ஸ் லைன் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. லைன் விட்டால் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. பாரம் இல்லாத இறக்கை தறிகெட்டு ஓடும். அந்த நுனிகளை உள்ளே இழுத்து வைத்திருப்பது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். அது இறங்கியதும், சுழலும் வேகமே நுனிகளை வெளியே தள்ளித் திருப்பிவிடுகிறது. இதை யோசித்த ஆளைக் கும்பிடலாம்.

காற்று ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் தம்பியும் கூட்டாளிகளும் ஏறி கியர் ஆயில், பிரேக் பேட் பார்த்து, போல்ட்டுகளை முறுக்கி வைப்பார்கள். சீசனில் ஏறுவதுதான் சங்கடம். சாரலில் ஏணிப்படி வழுக்கும். சேஃப்டி பெல்ட்டின் இரண்டு கொக்கிகளில் ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றவேண்டும். மேலே ஜெனரேட்டர் இருக்கும் நேசல் கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. “நல்லா காத்தடிக்கும்போதுதான் ரிப்பேரும் வரும். அப்ப ஏறக்கூடாதுன்னு தெரியும். ஆனா ஓனருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசுல்லா?” பசுமை மின்சாரம் பற்றிய பேச்சுகளில் இந்தக் கொக்கி வருவதே இல்லை.

நண்பருக்கு வேண்டியது வேறு ரகம். நியோடிமியம் காந்தம், பிசினில் உறையவைத்த செம்புக்கம்பிச் சுருள், பலகையில் செதுக்கிய மர இறக்கை. மின்கம்பி எட்டாத ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க்கில் ஹியூ பிகாட் வகுத்த முறை. ஆரோவில்லில் மின்வாயு குழுவினரும் கையால் செய்திருக்கிறார்கள். காந்தம் சொந்தம், எனவே லைன் தேவையில்லை. ஆனால் பேட்டரி நிறைந்தால் அங்கேயும் மின்சாரத்தை வாங்க ஆள் வேண்டும். ஹீட்டர் சுருள் ஒன்றைப் பொருத்தி உபரியை அதில் விடுகிறார்கள். சாரலில் நனைந்து வருகிறவருக்கு வெந்நீர் கசக்குமா!

தம்பி ஒரு அட்டையில் கணக்குப் போட்டார். மூன்று மீட்டர் விட்டமுள்ள காத்தாடி, நொடிக்கு 4 மீட்டர் காற்றில் சுமார் 80 வாட் தரும். காற்று 8 மீட்டரானால் எட்டு மடங்கு, 640 வாட். 2 மீட்டருக்கு இறங்கினால் இறக்கை அசைவதே சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் அந்த நிலைதான்.

கைபேசியில் நண்பர் அனுப்பிய படத்தைக் காட்டினேன். கூரைமேல் அழகான குட்டிக் காத்தாடி. தம்பி சிரித்துவிட்டார். சுற்றியுள்ள மரத்தைவிடப் பத்து மீட்டராவது உயர்ந்து நிற்கவேண்டுமாம். “குத்தாலத்துல தென்னைக்கு நடுவுல வச்சா காத்து சுழட்டிச் சுழட்டி அடிக்கும். பேரிங்தான் போகும். மொதல்ல சோலார் போடச் சொல்லுங்க சார். ஆடியில மேகம் மூடும்போது மட்டும் காத்தாடி. எடமும் அங்க வேண்டாம், சுரண்டைப் பக்கம் பாக்கச் சொல்லுங்க.”

மாமா ஒருவர் எட்டு சென்ட் விலை சொல்லிக்கொண்டிருப்பதாக அண்ணாச்சி உடனே ஆரம்பித்தார்.