கரையாத மை

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் இல்லங்களில் சொந்த ஊரின் நினைவாக ஏதேனும் ஒரு படம் சுவரை அலங்கரிக்கும். கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் அருகே உள்ள எங்கள் இல்லத்தில் அது இல்லை. தாமிரபரணிக் கரையிலிருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தபோது, அதை ஒரு நிழற்படம் எடுத்து வைக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே, அன்னையாரின் எண்பதாம் பிறந்தநாளுக்கு நினைவிலிருந்தே அவ்வீட்டை வரைந்து அளிப்பதென்று கணவன் மனைவி இருவரும் முடிவு செய்தோம்.

மையால் கோடு; அதன்மேல் நீர்வண்ணம்; திண்ணை ஓரத்தில் தந்தையார் எழுதிய இன்லண்டுக் கடிதத்தின் ஒரு துண்டு. இவ்வாறு பல பொருள்களைக் கலந்து ஆக்கும் ஓவியம் அது. கோடுகளுக்கு வீட்டிலிருந்த பவுண்டன் பேனா மையே போதுமென எண்ணினோம். வேப்பமரத்துக்குப் பச்சை தீட்டியதும் தூண்கள் கரைந்தன; ஓடுகள் சேறாயின. அதனினும் பெரிய துயரம் ஒன்று நேர்ந்தது. மைதாப் பசையின் ஈரம் பட்டு, மறைந்த தந்தையாரின் நீல எழுத்துகள் எங்கள் கண்முன்னே கலங்கி அழிந்தன.

அதன்பிறகே மையைப் பற்றி விசாரித்தோம். பேனா மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். காய்ந்த பின்னும் நீர் பட்டால் கரையும். ஓவிய மையோ கரித்துகளால் ஆனது. நம் முன்னோர் ஓலையில் கீறிய எழுத்தின்மேல் தடவிய விளக்குக்கரியும் இதே இனந்தான். ஆனால் கரியைத் தாளோடு பிணைப்பது கோந்தாயின், அது மீண்டும் கரையும். அரக்காயின் கரையாது. அரக்கு வெறும் நீரில் கரைவதில்லை; வெண்காரம் போன்ற காரப்பொருளோடு காய்ச்சினால் கரையும்; தாளில் உலர்ந்தபின் ஈரத்துக்கு அசையாது. அந்த அரக்கு விளையும் காடுகள் எங்களுக்கு அண்டை மாநிலமான ஜார்க்கண்டில் உள்ளன. ராஞ்சியில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924ஆம் ஆண்டு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

தர்மதலாவில் ஓவியப் பொருள் விற்கும் முதியவரிடம் சென்றோம். அயல்நாட்டுப் புட்டியின் விலை எங்களைத் திகைக்க வைத்தது. அவரோ சிரித்துக்கொண்டே, 1931இல் மும்பையில் தோன்றிய கேம்லின் நிறுவனத்தாரின் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க்கை எடுத்து வைத்தார். சிறு புட்டி, விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு மேற்படாது. "பெயரை நம்பாதீர்கள்; உங்கள் தாளிலேயே சோதியுங்கள்" என்றும் சொன்னார்.

அவ்வாறே செய்தோம். ஓவியத்துக்குரிய தாளின் துண்டில் மெல்லியதும் தடித்ததுமாகக் கோடுகள் இழுத்து, ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, ஈரத் தூரிகையை ஓட்டினோம். கோடு அசையவில்லை. அரைமணி மட்டுமே உலர்ந்த தடித்த கோடு சற்றே கசிந்தது. விலையுயர்ந்த மையைவிடப் பொறுமையே வேண்டியது என்று அறிந்தோம். இம்மையைப் பவுண்டன் பேனாவில் ஊற்றலாகாது, உறைந்து அடைத்துவிடும். தொட்டெழுதும் பேனாவே ஏற்றது. அதன் முள்ளையும் உடனே கழுவிவிட வேண்டும்.

வீட்டை மீண்டும் வரைந்தோம். கடிதம் இருந்த இடம் மட்டும் வெறுமையாக நின்றது. வேறு வழியின்றி நடந்ததை அன்னையாரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மைதானே போச்சு? அவர் எழுதினது எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், எழுதிக்கோங்கோ" என்றார்.

அவர் வரிவரியாகச் சொல்ல, கரையாத மையால் எழுதி, ஒரு நாள் உலரவிட்டு ஒட்டினோம். இன்று அப்படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கையெழுத்து எங்களுடையது, சொற்கள் தந்தையாருடையவை. உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பழைய கடிதங்கள் இருக்கலாம். அவற்றில் ஈரம் படுமுன், அவற்றை மனத்தில் வைத்திருக்கும் பெரியோர் அருகில் இருக்கும்போதே, ஒரு சிறு புட்டி மை வாங்கி வையுங்கள்.