மகன் முடித்த இசைத்தட்டு

மறைந்த ஒருவர் பாதியில் விட்டுச் சென்ற பணியை முடித்துக் கொடுப்பது, தாமே புதிதாக ஒன்றைத் தொடங்குவதினும் கடினமானது. மேலை நாட்டு ராக் இசைக்கும் எனக்கும் நெருக்கமான தொடர்பு கிடையாது. அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் பயிற்றுவிக்கும் என் செவிக்கு அதன் ஆரவாரம் இன்னும் பழகவில்லை. ஆயினும், ஜார்ஜ் ஹாரிசன் மறைந்தபின் வெளிவந்த 'பிரெய்ன்வாஷ்ட்' என்னும் இசைத்தட்டு உருவான வரலாற்றை அறிந்த நாள்முதல் அது என் சிந்தையை விட்டு அகலவில்லை.

பீட்டில்ஸ் குழுவின் நால்வருள் வயதில் இளையவர் ஹாரிசன். 1987இல் ஜெஃப் லின் என்பாரைத் துணைக்கொண்டு 'கிளவுட் நைன்' என்ற தட்டை வெளியிட்டபின், ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கிய தனித்தட்டு எதையும் தம் வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. பாட்டுக் கட்டுவதை மட்டும் விடவில்லை. கிட்டாரையோ சிறிய யூகலேலியையோ மடியில் வைத்துப் பாடிப் பதிந்தவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்தன. இடையில் புற்றுநோய் வந்தது. 2001 நவம்பர் 29ஆம் நாள், தம் 58ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச் சென்றவை நிறைவுறாத பாட்டுகள். கூடவே, அவற்றை எவ்வாறு முடிக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லியும் குறித்தும் வைத்த விவரங்கள். மகனின் பெயர் தானி. நம் நாட்டு ஸ்வரங்களாகிய 'த', 'நி' இரண்டையும் இணைத்துத் தந்தை சூட்டிய பெயர் அது. தந்தை இறந்தபோது அப்பிள்ளைக்கு வயது 23. அவரும் லின்னும் சேர்ந்து பன்னிரண்டு உருப்படிகளையும் நிறைவு செய்து, 2002 நவம்பரில் வெளியிட்டனர்.

இக்கால ஒலிப்பதிவில் குரல் ஒரு தடத்திலும் கிட்டார் மற்றொரு தடத்திலுமாகத் தனித்தனியே பதியப்படுகின்றன. ஆகவே, இறந்தவரின் குரலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் புதிய வாசிப்பைச் சேர்க்க இயலும். வசதிதான், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970இல் மறைந்தார். 1975இல் அவர் பெயரால் வெளிவந்த 'க்ராஷ் லேண்டிங்' தட்டில், அவருடன் வாசித்தோரின் பதிவுகளை நீக்கிவிட்டு, அந்த இடங்களை வேறு கலைஞர்களைக் கொண்டு நிரப்பினார்கள். தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ் சில பாட்டுகளுக்குத் தம்மையும் ஆக்கியோர் வரிசையில் சேர்த்துக்கொண்டார். அமானிதம் பேணிய செயலாக இதை நான் ஏற்கமாட்டேன்.

ஹாரிசனின் தட்டில் நேர்ந்த சோதனை வேறு வகையானது. மெருகு ஏற்றாமல் பாட்டுகள் எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். லின்னோ ஒலியை அடுக்கடுக்காக நிறைப்பதில் பெயர் பெற்றவர். சில பாட்டுகளில் பின்னணிக் குரல்கள் சற்று மிகுதி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 'மார்வா புளூஸ்' என்ற வாய்ப்பாட்டில்லாத உருப்படியைக் கேளுங்கள். மார்வா என்பது அந்திப் பொழுதுக்குரிய இந்துஸ்தானி ராகத்தின் பெயர். அங்கே ஹாரிசனின் கிட்டார் பேசுகிறது. ஏனையவை அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. 2004இல் அவ்வுருப்படி கிராமி விருது பெற்றது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஜலாலுத்தீன் மஹல்லீ அவர்கள் அல்கஹ்ஃப் அத்தியாயம் முதல் இறுதிவரை உரை வரைந்து, அல்ஃபாத்திஹாவுக்கும் எழுதிய நிலையில் ஹிஜ்ரி 864இல் காலமானார்கள். ஆறாண்டுகள் கழித்து, 22 வயதும் நிரம்பாத ஜலாலுத்தீன் ஸுயூத்தீ அவர்கள் எஞ்சியதை நாற்பது நாட்களில் எழுதி முடித்தார்கள். நடையில் வேற்றுமை காண்பது அரிது. ஆயினும் மூத்தவர் எழுதியது எது, தாம் எழுதியது எது என்பதை மறைக்கவில்லை. பழைய பதிப்புகளில் அல்ஃபாத்திஹாவின் உரை நூலின் கடைசியில் இருக்கும். மூத்தவர் எழுதியவை பிரியாமல் ஒருசேர நிற்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது என்பர் ஆலிம்கள்.

இவ்வளவும் நான் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மர்ஹூம் உஸ்தாத் அவர்கள் தமிழில் எழுதிய அரபு இலக்கண உரையொன்று, மூன்றில் இரு பங்கு முடிந்த நிலையில் என்னிடம் இருக்கிறது. எஞ்சியதை நான் எழுதி, முழுவதையும் அவர்கள் பெயரிலேயே அச்சிட வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. எழுதச் சம்மதித்துவிட்டேன். என் பகுதி தொடங்கும் பக்கத்தில் ஒரு கோடாவது இருக்கட்டும் என்கிறேன்; அதற்கு அவர்கள் இன்னும் இசையவில்லை. நடையொன்றே போதுமே, கோடு எதற்கு என்று கேட்கிறார்கள்.

ஹாரிசனின் தட்டு ஒரு சமஸ்கிருதத் துதியுடன் முடிகிறது. நம் ஊர்ச் சிவன் கோயில்களிலும் ஒலிக்கும் துதிதான். அதைத் தந்தையும் மகனும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். பலமுறை கேட்டும், எந்தக் குரல் எவருடையது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.