ஒரு கார்டும் என் கணிப்பும்

போன மாதம் என் பேத்தி ஒரு வேலை செய்தாள். நான் இங்கே எழுதிவரும் கட்டுரைகளில் பத்தை எடுத்து, கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியில் போட்டாள். அரை நிமிடத்தில் என் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துகளில் அது சொல்லிவிட்டது. "தாத்தா, நீங்க அதிகம் பேசாதவர், தனிமை விரும்பி, திட்டம் போட்டு வாழ்பவர்" என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த நான்கு எழுத்துக் கணக்கு அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் சேர்ந்து உருவாக்கியது. யுங் என்ற மனவியல் அறிஞர் 1921இல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். உளவியல் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அதே ஆளுக்குச் சில வாரம் கழித்து மறுபடி சோதனை வைத்தால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறதாம்.

பேத்தியைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஏனென்றால் அந்தச் செயலி செய்த வேலையை நான் 1981லேயே செய்திருக்கிறேன்.

அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். தினமும் மனுக்கள் படிப்பதுதான் வேலை. "நாலு வரி படித்தால் போதும், ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன்" என்று எனக்கு ஒரு கர்வம். என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வேடந்தாங்கல் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தகப்பனார் இல்லை. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஒரு வாரத்தில் அஞ்சல் அட்டை வந்தது. "பெண் பிடித்திருக்கிறது. வரதட்சணை வேண்டாம். அறுவடை முடிந்து மாசியில் வைத்துக்கொள்ளலாம்." அவ்வளவுதான். நலம், நலமறிய ஆவல் என்றுகூட இல்லை.

அதே சமயம் வேலூரிலிருந்து இன்னொரு வரன். நாலு பக்கக் கடிதம். அன்பு, பண்பு, இல்லறம் என்று மணக்க மணக்க எழுதியிருந்தார். நான் தீர்ப்புச் சொன்னேன்: "அப்பா, கார்டு எழுதினவன் கல்நெஞ்சன். கணக்குப்பிள்ளை மாதிரி எழுதுகிறான். வேலூரையே முடித்துவிடலாம்."

அப்பா தங்கையைக் கேட்டார். அவள் கார்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். "அண்ணா, வரதட்சணை வேண்டாம்னு ரெண்டே சொல்லுல சொல்லிட்டாரே. அந்த நாலு பக்கத்துல அது எங்க இருக்கு?" என்றாள். நான் தேடிப் பார்த்தேன். இல்லை. எப்படி எழுதியிருக்கிறது என்று நான் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்திருக்கிறாள்.

மாசியில் கல்யாணம் நடந்தது. ஆனால் என் கணிப்பை நான் விடவில்லை. பல ஆண்டுகள் மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அவரும் பேசாத மனிதர். அதையும் கல்நெஞ்சுக் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

1996இல் என் மனைவிக்குப் பெரிய அறுவை சிகிச்சை. 22 நாள் ஆஸ்பத்திரி. முதல் நாளே மாப்பிள்ளை வந்தார். "நீங்க போய்த் தூங்குங்க மச்சான்" என்றார். 22 இரவும் வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்தார். அவர் வயலில் அப்போது நாற்று நடவு. அதை யார் பார்த்தார்கள் என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

பேத்தி காட்டிய வேடிக்கைக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பென்னிபேக்கர் என்ற பேராசிரியர் 'நான்', 'நாம்' போன்ற சின்னச் சொற்களை எண்ணிப் பார்த்து 2011இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 'நான்' அதிகம் வந்தால் தலைக்கனம் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லையாம். இரண்டு பேர் கடிதம் எழுதிக்கொண்டால், பெரும்பாலும் கீழ்ப்படியில் இருப்பவர் எழுத்தில்தான் 'நான்' அதிகம் வருகிறதாம். அவர் ஆராய்ந்தது ஆங்கிலம். நம் தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எதை எண்ணுவது?

நம் ஊரிலும் எழுத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906இல் தொடங்கியது. அதில் பெயர் போடாமல் வந்த கட்டுரைகளை யார் எழுதியது என்று கண்டுபிடிக்கப் புள்ளியியல் ஆய்வாளர்கள் சொற்களை எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். அது நியாயமான வேலை. கைரேகையை வைத்து ஆள் யார் என்று சொல்லலாம். அந்த ஆள் நல்லவனா என்று ரேகை சொல்லுமா?

என் மனுக்கள் கதையும் அப்போதுதான் உறைத்தது. அலுவலக வாசலில் மரத்தடியில் இருந்த மனு எழுதுபவர்தான் முக்கால்வாசி மனுக்களையும் எழுதினார். அத்தனை பேரும் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்கள். ஆக, அத்தனை வருடமும் நான் குணம் பார்த்தது அந்த ஒரே ஆளுக்குத்தான்!

சென்ற தை மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் நானும் ஏரிக்கரையில் நடந்தோம். மரமெல்லாம் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பறவைகள் மேல் இருக்கும் பாசம் நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு. கணக்கும் அன்பும் ஒரே மனதில் இருக்க முடியாது என்று யார் சொன்னது?

கரையில் உட்கார்ந்து, 1981இல் நான் சொன்ன தீர்ப்பை அவரிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அந்தக் கார்டை நான் எழுதலை மச்சான். அறுவாள் பட்டு வலது கையில கட்டு. நான் சொல்லச் சொல்ல எங்க ஊர் போஸ்ட்மாஸ்டர் எழுதினார். கார்டுல இவ்வளவு போதும்னு அவரே சுருக்கிட்டார்."

"அப்படின்னா இன்னும் ஏதோ சொன்னீங்களா?"

"ரெண்டு வரி இருந்தது."

"என்ன மாப்பிள்ளை அது?"

அவர் ஏரியைப் பார்த்தபடியே இருந்தார். "அதைக் கல்யாணம் ஆனதும் உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையைக் கேட்டேன். "அது உனக்கு எதுக்கு அண்ணா?" என்று காபியை நீட்டினாள்.

பேத்தியிடம் சொல்லிவிட்டேன், அந்தச் செயலியை அழித்துவிடு என்று. அவள் கேட்கவில்லை. போகட்டும், அவளுக்கும் ஒரு கார்டு வரும்.