ஆப்பிள் கிரம்பிள்: புளிப்பின் பக்குவம்

ஆப்பிள் கிரம்பிள் இங்கிலாந்து வீடுகளின் இனிப்பு. நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்து ஆழமான ஒரு தட்டில் பரப்புவார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் உதிரியாகப் பிசிறி அதன்மேல் தூவி அவனில் சுட்டெடுப்பார்கள். செய்முறை இவ்வளவுதான். இத்தனை எளிதாக இருப்பதாலேயே இதில் குறையை மறைக்க இடமில்லை. ஆப்பிளில் புளிப்பு இல்லையென்றால் மேலே எதைத் தூவினாலும் கிரம்பிள் தேறாது.

அந்தப் புளிப்புக்குப் பேர்போனது பிராம்லி என்ற சமையல் ஆப்பிள். உருவத்தில் பெரியது, பச்சை நிறம், வடிவம் சற்றுக் கோணல். அப்படியே கடித்தால் பல் கூசும். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்ற சிற்றூரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809இல் ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரம் இதற்கு மூலம். ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. எந்தக் குணத்தோடு முளைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டை 1846இல் மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்து ஆண்டு கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் அந்த மரத்தில் ஒட்டுக்குச்சி எடுத்துக் கன்று விற்க அனுமதி கேட்டார். பழத்துக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிராம்லி சம்மதித்தார். விதை ஊன்றியவளின் பெயர் பழத்தில் ஏறவில்லை. நியாயமாக அது அவளுக்குச் சேர வேண்டிய பெயர். இன்று உலகில் உள்ள பிராம்லி மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வழி வந்தவை. மூலமரம் புயலில் சாய்ந்து, விழுந்த அடிமரத்திலிருந்தே மறுபடி தழைத்தது. பின்னாளில் அதைப் பூஞ்சை நோய் பற்றியது.

சாப்பிடும் ஆப்பிளுக்கும் சமைக்கும் ஆப்பிளுக்கும் உள்ள வேறுபாடு சூட்டில் தெரியும். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூடு ஏறும்போது அது இளகி, செல்கள் பிரிகின்றன. மாலிக் அமிலம் மிகுந்த பிராம்லி இந்தக் கட்டத்தில் முற்றிலும் குழைந்து நுரைபோலப் பொங்கிவிடும். தித்திப்பான ஆப்பிள் வகைகள் பல, வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நிற்கும். அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மேல்மாவின் கனத்தை நாக்கில் அறுத்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் நாலு கரண்டிக்கு மேல் திகட்டிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் பிராம்லி கிடைப்பதில்லை. அதற்கு ஈடாகக் கொள்ளத்தக்கது பச்சை நிற கிரானி ஸ்மித். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்த வகை அது. பிராம்லி அளவுக்குக் குழையாது என்றாலும் புளிப்பில் குறை வைக்காது. காஷ்மீர், இமாச்சல் சிவப்பு ஆப்பிள் மட்டுமே கைவசம் இருந்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழிந்துவிட வேண்டும். நறுக்கிய துண்டு கறுக்காமல் இருக்கவும் அந்தச் சாறு உதவும்.

கிரம்பிள் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. போரின் பெரும்பகுதியில் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் ஏறக்குறைய 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். சர்க்கரை 8 அவுன்ஸ். ஆப்பிள் பை செய்ய அடியிலும் மேலுமாக மாவு உறை வேண்டும், அதற்கு நிறையக் கொழுப்பு போகும். கிரம்பிளுக்கு மேலே ஒரு தூவல் போதும். வெண்ணெய்க்குப் பதில் மார்கரின், மாவில் பாதிக்கு ஓட்ஸ் என்று இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். தோட்டத்து ஆப்பிளுக்கோ ரேஷன் அட்டை தேவையில்லை. ரேஷன் 1954இல் முழுவதும் நீங்கிய பிறகும் வீடுகள் கிரம்பிளைக் கைவிடவில்லை. பஞ்சத்தில் பழகிய எத்தனையோ உணவுகள் பஞ்சத்தோடு மறைந்துபோயின. இது நின்றது சுவையால்தான்.

மணப்பொருள்களில் முதலிடம் பட்டைக்கு. கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்த, கடினமான, ஒரே மடிப்பாகச் சுருண்ட மரப்பட்டை. பிரியாணிக்கு அதன் காரம் பொருந்தும். இலங்கையின் கறுவா வேறு. காகிதம்போல் மெல்லிய உள்பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருட்டியிருப்பார்கள். விரலால் நெரித்தாலே நொறுங்கும். தென்னிலங்கைக் கரையோரம் விளையும் இந்தக் கறுவாவைக் கைப்பற்றத்தான் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் அங்கே மோதிக்கொண்டார்கள். இதன் மணம் மென்மையானது, ஆப்பிளின் வாசனையை அமுக்காது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஆப்பிளுக்கு ஒரு தேக்கரண்டி பொடி, இரண்டு கிராம்பு, சிறிது துருவிய ஜாதிக்காய் போதும். கிராம்பு கூடினால் பல்வலி மருந்தின் வாடை வந்துவிடும். மணப்பொருள்களைப் பழத்தில் கலப்பதே நல்லது. மேல்மாவில் கலந்தால் நேர்ச்சூட்டில் கருகிக் கசக்கும். பழத்தின் ஈரத்தில் அவை நிதானமாக ஊறும்.

மேல்மாவுக்கு எடைக் கணக்கு ஒன்று உண்டு: மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. 900 கிராம் ஆப்பிளுக்கு 180 கிராம் மைதா, 90 கிராம் வெண்ணெய், 90 கிராம் நாட்டுச் சர்க்கரை அல்லது டெமராரா என்ற பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு என்று கொள்ளலாம். வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். அதைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனியால் மட்டும் தேய்த்துப் பிசிற வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மாவு திரண்டுவிடும். புட்டு மாவுக்கு உள்ள அதே சோதனைதான் இதற்கும்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. வெண்ணெய் மாவுத்துகளைச் சுற்றிப் படிந்து பசைத்தன்மை உருவாகாமல் தடுப்பதால்தான் சுட்டபின் கரகரப்பு வருகிறது. சர்க்கரையைக் கடைசியில் கலந்தால் போதும். நொறுக்கிய பாதாமோ ஒரு பிடி ஓட்ஸோ சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காமலிருப்பதிலும் குறையில்லை.

ஆப்பிளைத் தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, கட்டைவிரல் பருமனுக்கு நறுக்க வேண்டும். மெல்லிய சீவலாக நறுக்கினால் எல்லாம் கூழாகிவிடும். பிராம்லிக்கு 100 கிராம் சர்க்கரை, கிரானி ஸ்மித்துக்கு 60 கிராம். வேகும்போது ஆப்பிள் அமுங்கும், அதனால் தட்டில் நெருக்கமாக அடுக்க வேண்டும். மேல்மாவை அழுத்தாமல் தூவ வேண்டும். அழுத்தினால் நீராவி வெளியேற வழியின்றி அடிப்பக்கம் களியாகும். முன்கூட்டிச் சூடாக்கிய அவனில் 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். மேலே பொன்னிறம் ஏறுவது பாதி அடையாளம்தான். ஓரங்களில் மாவைத் துளைத்துக்கொண்டு பழச்சாறு கெட்டியாகக் கொப்பளித்தால்தான் உள்ளே வெந்தது என்று பொருள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் சாறு இறுகிப் பழத்தோடு சேரும். அவன் இல்லாத வீட்டில் ஆப்பிளைத் தனியாக வேகவைத்து, மேல்மாவை இரும்புச் சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்துத் தூவலாம். சாறு ஊறிய அடிமாவின் சுவை மட்டும் அதில் கிடைக்காது.

தொட்டுக்கொள்ள இங்கிலாந்தில் சூடான கஸ்டர்ட் ஊற்றுவது வழக்கம். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரெட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்ட் தயாரித்தார். நம் கல்யாணப் பந்திகளின் ஃப்ரூட் சாலட்டில் ஊற்றும் கஸ்டர்ட் பவுடர் அந்த வழியில் வந்ததுதான். கஸ்டர்டைச் சற்று நீர்க்க இருக்கும்படி காய்ச்சினால் கிரம்பிளுக்குள் நன்றாக இறங்கும். ஐஸ்கிரீமும் வைக்கிறார்கள், ஆனால் அது இனிப்பின் சூட்டைச் சீக்கிரம் தணித்துவிடுகிறது.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் மேல்மாவு ஈரம் வாங்கித் தளர்ந்திருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் சொதசொதத்துப்போகும், அவனில் கால் மணி நேரம் வைத்தால் கரகரப்பு பெரும்பாலும் திரும்பும். பிசிறிய பச்சை மாவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். உருகவிடாமல், உறைந்த நிலையிலேயே பழத்தின்மேல் தூவிச் சுடலாம்.