குழம்பு நீர் விடாமல்

காட்டாக்கடைப் பக்கம் மரச்சீனியைப் பற்றி யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் பரப்பிய கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது சோறாக நின்றது. அந்தக் கிழங்கு மாவு ஃப்ரீசரில் போகும் குழம்புக்கு ஏன் உதவாது என்பதுதான், உறைகுழம்பு தயாரிக்கும் கூடத்தில் சேர்ந்த எனக்கு அங்கிருந்த சேச்சி சொல்லித் தந்த முதல் பாடம்.

ஒரே குழம்பை இரண்டு பாத்திரத்தில் வைத்தார். ஒன்றில் வீட்டு மாவு, மற்றதில் கடையில் வாங்கிய மாற்று மாவு, அதாவது வேதிமுறையில் மாற்றிய மாவு. சூட்டில் நம் மாவுதான் பளபளத்தது. உறைய வைத்து மறுநாள் வெளியே எடுத்தால், அது பஞ்சுபோல் திரண்டு தனியே தண்ணீர் கக்கியிருந்தது.

"கொழுக்கிறது பெரிய காரியமில்ல மக்கா. ஆறின பொறவும் தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கணும்."

சுமார் 65 டிகிரியில் மாவுமணி நீரைக் குடித்து உப்புகிறது. ஆறும்போது உள்ளிருக்கும் சங்கிலிகள் மீண்டும் ஒட்டிக்கொண்டு நீரைத் தள்ளுகின்றன. பனிக்கட்டி அதை இன்னும் முடுக்குகிறது. மாற்று மாவில் இரண்டு வேலை நடந்திருக்கும். பாஸ்பேட் அல்லது அடிபேட் கட்டு, மணி உடையாமல் காக்கும். அசிட்டைல் தொகுதி சங்கிலிகளை ஒட்டவிடாது. நெருக்கிப் படுக்கும் பிள்ளைகளின் நடுவே தலையணை வைப்பதுபோல. பாக்கெட்டின் பின்னால் 1414, 1422 என்று அச்சிடுவது இவற்றைத்தான். எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தேங்காயைக் குறைத்து மாவைக் கூட்டுவதுதான் என் கணக்கில் கள்ளம்.

உடனடி சூப் பொடிக்கு வேறு மாவு. முன்பே வேகவைத்து, சூடான உருளையில் காயவைத்துப் பொடித்தது. பச்சைத் தண்ணீரிலேயே கொழுக்கும். நேரே தண்ணீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும். உப்பும் சர்க்கரையும் சேர்த்து விரல்நுனியால் தேய்த்துக் கலந்த பிறகே நீர். அந்தத் தேய்ப்பு கைக்குப் பழக நாளாகும்.

ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனி மாவை இப்படி மாற்றுவதையும் ஆராய்கிறது. மாவு ஆலைகள் பெருகியதோ சேலத்தில். எங்களிடம் கிழங்கு மட்டும்!

குடம்புளி போட்ட மீன் குழம்புதான் கடினம். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் சாதா மாவு அடுப்பிலேயே இளகிவிடும். கட்டு கூடிய மாவு தாங்குகிறது. ஆனால் காரத்தை அமுக்கிவிடுகிறது. அதனால் உறைந்து இளகிய பிறகே ருசி பார்த்து மிளகாய் அளவைத் தீர்மானிக்கிறோம்.